ஒரு மான்செஸ்டரிலிருந்து இன்னொரு மான்செஸ்டருக்கு: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 செப்டம்பரில் நானும் என் கணவரும் கோவையிலிருந்து ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தோம். ஒருவருக்கு வேலை, ஒருவருக்கு முதுநிலைப் படிப்பு. புறப்படுவதற்கு முந்தைய ஆறு மாதங்களில் கோபிச்செட்டிபாளையத்தில் என் பிறந்த வீட்டிலும், திருப்பூரில் புகுந்த வீட்டிலும், போன கல்யாணங்களில் பந்தியிலும் எங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்குக் கணக்கில்லை. வந்த பிறகு அவை தொலைபேசிக்கு மாறின. இப்போது பெருந்துறை, பல்லடம், பொள்ளாச்சி என்று முன்பின் தெரியாதவர்களும் யாரோ எண் கொடுத்ததாகச் சொல்லி அழைக்கிறார்கள். ஒரே பதிலை எத்தனை முறைதான் சொல்வது? எழுதிவைத்துவிட்டேன். தொகைகள் 2025, 2026 ஆண்டுகளுக்கானவை. அங்கே இவை ஆண்டுதோறும் மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை யாருக்கு, படிப்பு யாருக்கு?

வேலை எனக்கு, படிப்பு அவருக்கு. நான் சரவணம்பட்டியில் ஏழு ஆண்டுகள் கார்களின் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கான மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். அவர் பம்ப்செட் மோட்டார் வடிவமைப்பில் எட்டு ஆண்டுகள். மோட்டாருக்குள்ளும் இப்போது சில்லு வந்துவிட்டது. அதற்கு நிரல் எழுத வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து, மதியச் சாப்பாட்டுக்கு முன் வேலையை முடித்துக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து, அதைத் தானே கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எம்பெடட் சிஸ்டம்ஸ் படிக்கிறார்.

அவிநாசிப் பக்கம் ஒரு கல்யாணத்தில், "பெண் சம்பாதிக்க, மாப்பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாராக்கும்" என்று ஒரு பெரியவர் சத்தமாகவே சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. என் மாமியார்தான் இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "நான் பவர் டேபிளில் தைத்த கூலியில்தான் இவங்க அப்பா முதல் மெஷினுக்கு முன்பணம் கட்டினார்." அந்த வரிசையில் அதற்குப் பிறகு யாரும் அதைக் கேட்கவில்லை.

எத்தனையோ ஊர் இருக்க, அது என்ன கெம்னிட்ஸ்?

இதைக் கேட்காத ஒரே ஆள் என் மாமனார். அவருடைய நிட்டிங் கம்பெனியில் ஓடும் வட்டப் பின்னல் எந்திரம் ஒன்றின் தகட்டில் அந்த ஊர்ப்பெயர் இருக்கிறது. இருபது ஆண்டுகளாக எண்ணெய்த் துணியால் அவர் துடைத்துவரும் தகடு. "அட, நம்ம மெஷின் ஊரா?" என்றார். அவ்வளவுதான், அவர் அனுமதி கிடைத்துவிட்டது.

நமக்குக் கோவை தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்றால், அவர்களுக்குக் கெம்னிட்ஸ் சாக்சனி மாநிலத்தின் மான்செஸ்டர். 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தபோது நம் ஊரில் ஆலைக் காலம் தொடங்கியது. இங்கே அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே நூற்பாலைகள் ஓடின. ஆலைகளை நம்பி எந்திரத் தொழிலும், எந்திரத் தொழிலை நம்பிப் பொறியியல் படிப்பும் வளர்ந்த கதையும் நம் கதைதான். பல்கலைக்கழகத்தின் வேர் 1836-இல் தொடங்கிய தொழிற்பள்ளி. 1953 முதல் 1990 வரை, கம்யூனிச ஆட்சியில், ஊரின் பெயரே கார்ல் மார்க்ஸ் நகர். பெயர் போனாலும் 1971-இல் வைத்த மார்க்ஸின் தலை போகவில்லை. உடம்பு கிடையாது, நாற்பது டன் வெண்கலத்தில் தலை மட்டும். வந்த முதல் வாரம் வழி தவறும்போதெல்லாம் நாங்கள் அந்தத் தலையை வைத்துத்தான் திசை பார்த்தோம்.

மக்கள்தொகை சுமார் இரண்டரை லட்சம். பெர்லின், மியூனிக் மாதிரி பெயர் சொன்னதும் புருவம் உயராது. ஆனால் வாடகை அங்கேயெல்லாம் கேட்பதில் பாதிக்கும் கீழ்.

மாணவர் விசாவில் போனாரா, குடும்ப விசாவிலா?

இது நிதானமாகப் படிக்க வேண்டிய பதில். எங்களுக்கே பாதி வழியில்தான் புரிந்தது.

முதலில் அவர் படிப்புக்குத்தான் விண்ணப்பித்தார். எனக்கு வேலை கிடைப்பது அப்போது கனவிலும் இல்லை. மாணவர் விசா என்றால் இரண்டு பெரிய படிகள். ஒன்று, நம் பட்டம் உண்மையானது என்று உறுதிசெய்யும் ஏ.பி.எஸ். சான்றிதழ். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் இது கட்டாயம். இரண்டாவது, பிளாக்டு அக்கவுன்ட். ஓராண்டுச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே ஜெர்மன் கணக்கில் போட்டுப் பூட்டிவைக்க வேண்டும்; அங்கே போன பிறகு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுவார்கள், மடை திறப்பதுபோல. 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. நம் பணத்தில் பன்னிரண்டு லட்சத்தை ஒட்டி வரும். மாமனார் சீட்டு எடுத்துத் தயாராக வைத்திருந்தார்.

பணம் அனுப்ப வேண்டிய வாரத்தில் எனக்கு அதே ஊரில் வேலை ஒப்பந்தம் வந்தது. சம்பளம் புளூ கார்டுக்கு, அதாவது படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான குடியிருப்பு அனுமதிக்கு, வேண்டிய குறைந்தபட்ச வரம்பைத் தாண்டியது. அங்கேதான் கணக்கு தலைகீழானது. புளூ கார்டு வாங்குபவரின் துணைக்குக் குடும்ப விசா உண்டு. மற்றவர்களைப்போல அவர் ஏ1 எனப்படும் தொடக்கநிலை ஜெர்மன் தேர்வு எழுதிக் காட்ட வேண்டியதில்லை. பிளாக்டு அக்கவுன்ட் தேவையில்லை, என் சம்பளமே ஆதாரம். அந்த அனுமதியில் அவர் படிக்கவும் செய்யலாம், முழுநேரம் வேலைக்கும் போகலாம். மாணவர் அனுமதி என்றால் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் மட்டுமே வெளிவேலை.

ஆகவே வழி மாறினோம். சீட்டுப் பணம் பிழைத்தது. ஏ.பி.எஸ். கட்டணம் போனது போனதுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குடும்ப அனுமதி என்பது என் அனுமதியில் தொங்கும் அனுமதி. என் வேலை ஆட்டம் கண்டால் அவர் படிப்பும் ஆட்டம் காணும். இதைச் சொன்னபோது அவர் சிரித்தார்: "ஊரில் எத்தனை பெண்கள் இப்படித்தானே கணவன் விசாவில் போயிருக்கிறார்கள், அவர்களை யாராவது கேட்டோமா?" கேட்கவில்லைதான்.

படிப்புக் கட்டணம் எவ்வளவு?

கல்விக் கட்டணம் கிடையாது. பருவத்துக்கு ஒருமுறை ஒரு சிறு பங்களிப்புத் தொகை மட்டும். நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். பொள்ளாச்சியிலிருந்து அழைத்த ஒருவர், "அப்படியானால் படிப்பு தரமாக இருக்காதே" என்றார். ஜெர்மனி முழுவதும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது.

நடுவில் நின்று கமிஷன் பார்க்கும் முகவர்கள் இந்தக் கட்டணமில்லாப் பல்கலைக்கழகங்களைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஒரு முகவர் எங்களிடம் தனியார் கல்லூரி ஒன்றைத்தான் மூன்று முறை தள்ளிப் பார்த்தார்.

முப்பது தாண்டிய பிறகு போய்ப் படிப்பதா?

அவருக்கு 32. வகுப்பில் அவரைவிட மூத்தவர் இருவர் இருக்கிறார்கள். வயது உறுத்தும் ஒரே இடம் மருத்துவக் காப்பீடு. மாணவர்களுக்கான சலுகைக் கட்டணம் 30 வயதோடு நின்றுவிடும். அதன் பிறகு மாதத்துக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் வேலை பார்ப்பவர் அரசுக் காப்பீட்டில் இருந்தால், வருமானம் இல்லாத கணவனையோ மனைவியையோ கூடுதல் கட்டணமின்றி அதே காப்பீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு வயது வரம்பில்லை. மாதம் 603 யூரோ வரையிலான மினி ஜாப் எனப்படும் சிறுவேலை பார்த்தாலும் இந்தச் சலுகை போகாது. அவர் வாரம் இரண்டு மாலை ஒரு சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில் நிற்கிறார். எட்டு ஆண்டு மோட்டார் அனுபவம் மின்சார சைக்கிளில் போய் முடிந்திருக்கிறது.

கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை, பத்திரிகையும் ஆல்பமும் போதாதா?

போதாது. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தே ஆக வேண்டும். 90 நாட்களுக்குள் என்பது விதி, தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாட்கள். "விசா வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டவர்கள்தான் இப்போது என்னை அழைப்பவர்களில் பாதிப்பேர். தேனிலவுக்குப் போகும் முன் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள்.

இன்னொரு தலைவலி நம் இனிஷியல். மதிப்பெண் சான்றிதழில் ஒற்றை எழுத்தாக நிற்கும் அப்பா, பாஸ்போர்ட்டில் முழுப் பெயராகி, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறார். விளைவு, இங்கே என் கணவரை எல்லோரும் அவருடைய அப்பா பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். மாமனார் பெயரை வாயால் சொல்லாத வளர்ப்பு எனக்கு. முதல் முறை மருத்துவமனை வரவேற்பில், "உங்கள் கணவர் பெயர்?" என்று கேட்டபோது ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அந்தப் பெண் எனக்குத் தொண்டை வலி என்று நினைத்துக்கொண்டார்.

தோட்டத்தை யார் பார்ப்பது?

நான் ஒரே மகள். கோபிப் பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்கு ஐந்து ஏக்கர். நெல், மஞ்சள், ஓரத்தில் தென்னை. கேட்பவர்கள் அக்கறையில் கேட்கிறார்களா, விலைக்கு வருமா என்று நோட்டம் விடுகிறார்களா என்பது கேட்கும் தொனியிலேயே தெரிந்துவிடும். இப்போதைக்குப் பதில்: அப்பா பார்க்கிறார், நன்றாகவே பார்க்கிறார்.

சட்டம் தெரிந்துகொள்ள வேண்டியவர்களுக்கு: வேலைக்காக வெளிநாடு போனவுடன் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கண்ணில் நாம் வெளிநாடுவாழ் இந்தியர். வெளிநாடுவாழ் இந்தியர் வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலமும் பண்ணை வீடும் வாங்க முடியாது. தானமாகவும் பெற முடியாது. ஏற்கனவே நம் பெயரில் இருப்பதை வைத்துக்கொள்ளலாம், வாரிசாக வருவதைப் பெறலாம். கொங்கு நாட்டில் பாதிக் குடும்பங்களுக்கு இது தெரியாமல், மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பும் பணத்தில் அவன் பெயரிலேயே தென்னந்தோப்பு பேசி முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

இந்தச் சட்டம் தெரியவந்த அன்றிரவே அப்பா, "நீ விமானம் ஏறும் முன் இரண்டரை ஏக்கரை உன் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிடுகிறேன்" என்றார். பத்திர எழுத்தரிடம் பேசியும் விட்டார். நான் வேண்டாம் என்றேன். வாரிசு வழியில் வருவதற்குத் தடையில்லாதபோது அவசரம் என்ன? காலை ஐந்து மணிக்கு மண்வெட்டியோடு மடைக்குப் போகிற மனிதர், மகளின் நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறோம் என்ற நினைப்போடு போக வேண்டாம். அம்மாவுக்கு என் மேல் இன்னும் வருத்தம்தான்.

செய்ய வேண்டியதாகச் சொல்வது இரண்டு. சாதாரண சேமிப்புக் கணக்கை வங்கியில் சொல்லி, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுங்கள். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ பொது அதிகாரப் பத்திரம் கொடுப்பதாக இருந்தால் ஊரில் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். இங்கிருந்து கொடுக்க வேண்டுமானால் பெர்லின் தூதரகத்துக்குப் போய் நிற்க வேண்டும்.

தாலிக்கொடியோடு போகலாமா?

அணிந்திருப்பதற்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நான் கனத்த கொடியை லாக்கரில் வைத்துவிட்டு மெல்லிய சங்கிலியில் கோத்துக்கொண்டேன். நிறைய நகை எடுத்துப்போகிறவர்கள் புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது இது புதிதாக வாங்கியது இல்லை என்று வாதாட வேண்டியதில்லை.

சாப்பாட்டுச் சாமான் என்னவெல்லாம் கொண்டுபோகலாம்?

எடுத்துப்போகக் கூடாததிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லா அம்மாக்களும் முதலில் கட்டித் தருகிறார்கள். இறைச்சியும் பால் பொருட்களும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையவே கூடாது. ஆகவே உப்புக்கண்டம் கூடாது. நெய் கூடாது. திரட்டுப்பால் கூடாது. என் அம்மாயி எருமை நெய்யை ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி, மேலே மஞ்சள்தூள் என்று எழுதி ஒட்டியிருந்தார். கண்டுபிடித்து எடுத்து வைத்தபோது அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை.

பச்சைத் தாவரங்களுக்கும் பழங்களுக்கும் 2019 டிசம்பர் முதல் தாவர நலச் சான்று வேண்டும். ஆகவே கறிவேப்பிலைக் கொத்தும் கூடாது. விலக்கு ஐந்துக்குத்தான்: அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சை. அந்தப் பட்டியலில் தேங்காயைச் சேர்த்த புண்ணியவான் யாரோ, பொள்ளாச்சிக்காரர்கள் அவருக்குச் சிலை வைக்கலாம். முழுத் தேங்காய் நான்கு கொண்டுவந்தோம். ஆனால் கொப்பரையை இந்திய விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்; எண்ணெய் மிகுந்து தீப்பிடிக்கும் என்று 2022-இல் செக்-இன் பெட்டியில் தடை செய்துவிட்டார்கள். காங்கேயத்து உறவினர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

மற்றபடி கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை, ஈரோட்டு மஞ்சள்தூள், செலவு ரசப்பொடி, கொள்ளுப்பொடி எல்லாம் நல்லபடியாக வந்து சேர்ந்தன. அரிசியும் பருப்பும் இங்கேயே கிடைக்கும்; அரிசிம்பருப்பு சாதத்துக்கு அதுவே போதும்.

கிரைண்டரை எடுத்துப் போனீர்களாமே?

ஆமாம். புவிசார் குறியீடு பெற்ற எங்கள் ஊர்ப் பண்டம், விட்டுவிட்டு வர மனமில்லை. இரண்டு லிட்டர் மேஜை கிரைண்டர். பாத்திரத்துக்குள் சட்டைகளை அடைத்து, கூம்புக் கற்களைத் தனித்தனியே லுங்கியில் சுற்றிப் பெட்டியில் வைத்தோம். பெங்களூரு விமான நிலையத்தில் எக்ஸ்ரே திரையின் முன் ஒரு அதிகாரி நெடுநேரம் நின்றார், பிறகு பெட்டியைத் திறக்கச் சொன்னார். லுங்கியைப் பிரித்துக் கல்லைக் கையில் எடுத்ததும், "கோயம்புத்தூரா?" என்று கேட்டு மூடச் சொல்லிவிட்டார்.

மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மோட்டார் அப்படியே ஓடும். நம் மூன்று முனைப் பிளக் மட்டும் நுழையாது, நல்ல அடாப்டர் வேண்டும். பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. நாங்கள் பழக்கப்படி ஞாயிற்றுக்கிழமை காலையில் மாவு ஆட்டினோம். பத்து நிமிடத்தில் கீழ்வீட்டு அம்மாள் வாசலில். ஞாயிறு இங்கே ஓய்வு நாள். துளையிடுவது, வேக்குவம் கிளீனர் ஓட்டுவது, எதுவும் கூடாது. இரவு பத்து முதல் காலை ஆறு வரையும் அப்படியே. அவரை உள்ளே அழைத்துக் கல் சுழல்வதைக் காட்டினோம். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "சனிக்கிழமை செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லிப் போனார். இப்போது சனி மாலை ஆட்டுகிறோம். டிசம்பரில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஹீட்டரை ஒட்டி நாற்காலி போட்டு, போர்வை சுற்றி, இருபது மணி நேரம்.

வீடு எப்படிப் பிடித்தீர்கள்?

ஊரில் இருந்தபடியே பணம் கட்டிப் பிடிக்கவில்லை. பார்க்காத வீட்டுக்கு முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் ஏமாற்றுக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று வாரம் தற்காலிக அறை, பிறகு 58 சதுர மீட்டரில் மூன்றாம் மாடி. இங்கே வாடகை சதுர மீட்டருக்கு 6 யூரோவை ஒட்டி இருக்கும். வெப்பமூட்டும் செலவும் தண்ணீரும் தனி. அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாத வாடகை என்று சட்டமே சொல்கிறது. பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவர்கள் பெருமூச்சு விடலாம்.

யாரும் எங்களுக்கு எச்சரிக்காத ஒன்று: பல வீடுகளில் சமையலறை இருக்காது. அறை இருக்கும், அடுப்பு, தொட்டி, அலமாரி எதுவும் இருக்காது. சுவரில் ஒரு குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். முந்தையவர் கழற்றி எடுத்துப் போய்விடுவார். நாங்கள் பழைய சமையலறை ஒன்றை 300 யூரோவுக்கு வாங்கி, டிராமில் மூன்று நடையாகக் கொண்டுவந்தோம். குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் மற்ற வேலைகள் எல்லாம் இழுத்துக்கொண்டே போகும்.

சம்பளம் எவ்வளவு?

சித்தப்பா உட்பட யாருக்கும் சொல்வதாக இல்லை. விதியை வேண்டுமானால் சொல்கிறேன். மென்பொருள் போன்ற ஆள் தட்டுப்பாடுள்ள துறைகளுக்கு 2025-இல் புளூ கார்டுக்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 43,759.80 யூரோ, 2026-க்கு 45,934.20. அதை நூறால் பெருக்கி வாயைப் பிளக்காதீர்கள். வரி, ஓய்வூதியம், காப்பீடு என்று கால் பங்குக்கு மேல் கைக்கு வருமுன்பே போய்விடும். கணவன் மனைவியில் ஒருவர் மட்டும் சம்பாதித்தால் மூன்றாம் வரி வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். மாதம் சில நூறு யூரோ மிச்சமாகும். பதிவின்போது மதம் கேட்பார்கள். தேவாலய உறுப்பினர்களுக்குத்தான் தேவாலய வரி, நமக்கு இல்லை. தொலைக்காட்சி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் உண்டு.

சாக்சனியில் மட்டும் நவம்பரில் ஒரு புதன்கிழமை விடுமுறை. அதற்குப் பதிலாக இந்த மாநிலத்துத் தொழிலாளர்கள், முதுமையிலும் நோயிலும் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதற்கான பராமரிப்புக் காப்பீட்டுக்கு மற்றவர்களைவிட அரை சதவீதம் கூடுதலாகக் கட்டுகிறார்கள். ஆண்டு முழுக்கக் காசு கொடுத்து வாங்கிய அந்த விடுமுறை நாளில் மழை பெய்தது.

ஜெர்மன் தெரியாமல் காலம் தள்ள முடியுமா?

தள்ளலாம், வாழ முடியாது. ஜெர்மன் கற்றுத்தரும் கோத்தே மையம் கோவையிலேயே இருக்கிறது. வேலை முடிந்து மாலை வகுப்புக்குப் போய் நான் ஏ2 வரை முடித்தேன். அலுவலகக் கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடக்கும், கூட்டத்துக்குப் பிறகு காபி எந்திரத்தின் முன் நடக்கும் உண்மையான கூட்டம் ஜெர்மனில் நடக்கும். போதாததற்கு இது சாக்சன் வழக்கு. பாடப்புத்தகத் தமிழை மட்டும் படித்த ஒருவரைக் கோபிச் சந்தையில் மாட்டுத் தரகர்கள் நடுவே இறக்கிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்குப் பேக்கரியில்.

புளூ கார்டுக்காரர்கள் பி1 தேறினால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கேட்கலாம். தேறாவிட்டால் 27 மாதம்.

அந்த ஊரில் வெளிநாட்டவரை அடிப்பார்களாமே?

என் அண்ணன் முறை உள்ள ஒருவர் இணையத்தில் தேடி, 2018 செய்தியை அப்பாவுக்கு அனுப்பிவிட்டார். நடந்தது உண்மை. அந்த ஆகஸ்டில் நகர விழாவின்போது கத்திக்குத்தில் ஒருவர் இறந்தார். அதைச் சாக்காக வைத்துத் தீவிர வலதுசாரிகள் தெருவில் இறங்கினார்கள், வெளிநாட்டுத் தோற்றமுள்ளவர்கள் துரத்தப்பட்டார்கள். சுமார் ஒரு வாரம் கழித்து அதை எதிர்த்து நடந்த இசை நிகழ்ச்சிக்கு சுமார் 65,000 பேர் வந்ததும் அதே ஊரில்தான். ஊர் இன்னும் இந்த இரண்டுமாகத்தான் இருக்கிறது. எங்களுக்கு நேர்ந்தது ஒன்று: டிராம் நிறுத்தத்தில் குடித்திருந்த ஒருவன் கத்தினான். பக்கத்தில் நின்ற பாட்டி அவனைவிடச் சத்தமாகக் கத்தினார். நள்ளிரவில் மையப் பேருந்து நிலையத்தைத் தவிர்க்கிறோம். பயமே இல்லை என்று சொன்னால் பொய்.

தண்ணீர்? குளிர்?

சிறுவாணி குடித்து வளர்ந்தவர்கள் வேறு எந்தத் தண்ணீரையும் பாராட்ட மாட்டோம். இங்கேயும் பக்கத்து மலைகளின் அணை நீர்தான் குழாயில் வருகிறது, அப்படியே குடிக்கலாம். கோவைக்காரர் வாயால் வேறென்ன சொல்ல, நன்றாக இருக்கிறது. குளிரைவிட இருட்டுத்தான் ஆளை அசத்தும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். குளிர்காலச் சட்டையை ஊரில் வாங்காதீர்கள், இங்கே வாங்குங்கள்.

அப்பா அம்மா வரலாமா?

வரலாம். ஷெங்கன் விசாவில் 180 நாட்களில் 90 நாட்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். அறுப்பு முடிந்து வாய்க்கால் அடைத்த பிறகு வருவதாக அப்பா சொல்கிறார். ஒவ்வொரு ஆண்டும் எதற்கும் அதைத்தான் சொல்வார்.

குழந்தை எப்போது?

அடுத்த கேள்வி.

முகவரி என்ன, ஒரு பார்சல் அனுப்ப வேண்டும்?

தனியாகக் கேளுங்கள், தருகிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இங்கே அடுக்குமாடியில் வீட்டுக்கு எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். எங்கள் பெயரை எழுதி, பெட்டியில் உள்ள பெயரை விட்டுவிட்டதால் அத்தை அனுப்பிய தீபாவளிப் பார்சல் திருப்பூருக்கே திரும்பிப் போனது. பெட்டியில் எங்கள் இருவர் பெயரும் இல்லை. பாஸ்போர்ட்டின்படி, என் அப்பா பெயரும் அவர் அப்பா பெயரும்தான் இருக்கின்றன.

கல்யாண மண்டபச் செலவு விஷயத்தில் சம்பந்திகள் இருவருக்கும் இன்னும் முழுதாக ஒத்துப்போகவில்லை. பெட்டியின் புகைப்படத்தை அனுப்பியதும் இருவரும் தனித்தனியே அழைத்து, "யார் பெயர் மேலே இருக்கிறது?" என்று கேட்டார்கள். மேலே கீழே இல்லை, ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். இடது பக்கம் யார் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.